கடைசிச் செடியின் தாகம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணக்கற் பாறையின் இடுக்குகளிற் புகுந்து தங்குவதே நமது நீர்ச்செல்வம். துலா மிதித்து இறைத்த காலத்தில், பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுபவர் ஒவ்வொரு பட்டையின் அருமையையும் அறிந்திருந்தார். நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அந்த அளவு தவறியது.

நிலத்தடியில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. இரண்டின் அடர்த்தியையும் கணக்கிட்டால், நன்னீர் மட்டம் 1 அடி தாழும்போது உவர்நீர் ஏறக்குறைய 40 அடி மேலெழ இடமுண்டு. ஆகவே, வீணாகும் நீர் நாளைய கிணற்றின் இனிமையாகும்.

இதற்கு நல்ல மருந்து சொட்டு நீர்ப்பாசனம். 1960களில், சிம்கா பிளாஸ் என்னும் பொறியியலாளரின் முயற்சியால் இஸ்ரவேலில் இம்முறை வளம் பெற்றது. ஆனால், குழாயை விரித்துவிட்டால் மட்டும் போதுமா? உட்சுவரில் உராய்ந்து செல்லச் செல்ல நீரின் அமுக்கம் குறைகிறது. சாதாரணத் துளையில் அமுக்கம் பாதியானால், சொட்டும் நீர் 100க்கு 70 பங்களவே ஆகும். முதற்செடி குளிக்கக் கடைசிச் செடி வாடும். அதற்கிரங்கி இயந்திரத்தை மேலும் ஓடவிட்டாலோ, முன்வரிசையின் மிகைநீர் உரத்தையும் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீரிற் கலக்கும்.

பரிகாரம் எளிது. பெருங்குழாயைத் தோட்டத்தின் நடுவே இட்டு, இருபுறமும் குறுகிய கிளைக்குழாய்களைப் பிரித்தால் உராய்வு குறையும். அமுக்கம் கூடும்போது உள்ளிருக்கும் றப்பர்த் தகடு வழியை ஒடுக்கி, நீரைச் சமன்செய்யும் சொட்டிகளும் உள்ளன. நமது கிணற்று நீரிற் சுண்ணாம்பு மிகுதி. அது படிந்து துளைகளை அடைக்கும். வடிகட்டியும் வேண்டும். இடையிடையே குழாய் நுனிகளைத் திறந்து கழுவவும் வேண்டும்.

மாணவர்களே, ஒரு பரீட்சை செய்து பாருங்கள். குழாயின் தலை, நடு, கடை ஆகிய மூன்றிடங்களிலும் சொட்டிகளின் கீழ் வெறும் பாற்பேணிகளை வைத்து, 10 நிமிடம் கழித்து நீரை அளந்திடுங்கள். பத்திலொரு பங்குக்கு மேல் வேறுபாடு காணின், குழாயமைப்பைத் திருத்துதல் வேண்டும்.

கடைசி இலைக்கும் கறி குறையாமற் பரிமாறுவதே பந்திக்கு அழகு. தோட்டத்துக்கும் அதுவே முறை.