வைடனர் நூல்நிலையமும் அதன் பெயர்க்குரியோரும்

பல்கலைக்கழகக் கட்டடங்கள் பெரும்பாலும் யாரேனும் ஒருவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. மாணாக்கர் அப்பெயரை நாள்தோறும் நாவாற் சொல்வர். அவர் யாவர் என்று உசாவுவோர் மிகச் சிலர். பொருள் ஈந்த செல்வராயினும், பணிபுரிந்து மறைந்த பேராசிரியராயினும், நாளடைவில் அவர்தம் பெயர் வெறும் இடக்குறியாய்த் தேய்ந்துவிடுகின்றது. அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெரிய நூல்நிலையமோ, இவ்விரு வகையிலும் சேராத ஒருவர் பெயரைப் பெற்றுள்ளது. அவர் 27 வயதிற் கடலில் மாண்ட ஓர் இளைஞர். நூல் யாத்துப் புகழ் பெற்றவரல்லர், பெருஞ்செல்வம் தேடியவருமல்லர். அங்ஙனமாயின் அம்மாபெரும் மாளிகைக்கு அவர் பெயர் வந்த வகை யாது?

ஹாரி எல்கின்ஸ் வைடனர் என்னும் அவ்விளைஞர் 1885-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 3-ஆம் நாள் பிலடெல்பியாவிற் பிறந்தார். பாட்டனார் பீட்டர் வைடனர் இறைச்சிக் கடையில் தொழில் தொடங்கிப் பின்னர் டிராம் வண்டிகளால் அளவிறந்த பொருள் ஈட்டியவர். ஹாரி ஹார்வர்டிற் பயின்று 1907-இல் பட்டம் பெற்றார். மாணவராயிருந்த காலத்தே புத்தகம் தொகுக்கும் வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் குதிரைக்கும் படகுக்கும் பொருளை இறைக்கும் நாட்டில், இவர் பழம்புத்தகக் கடைகளின் வாயிலிற் காத்துக் கிடந்தார். ஸ்டீவன்ஸன், டிக்கன்ஸ் முதலியோர் நூல்களின் முதற் பதிப்புக்களையும், ஆசிரியர் தம் கைப்படக் குறிப்பெழுதிய படிகளையும் தேடித் தேடி வாங்கினார். இங்ஙனம் சேர்ந்தவை ஏறத்தாழ 3,300 நூல்கள். அவர் அவற்றை அடுக்கி வைத்து அழகு பார்த்தவர் மட்டுமல்லர். விரும்பிப் படித்தவர் என்பதும் குறிக்கத்தக்கது. தொகுப்போர் எல்லாரும் படிப்போர் அல்லர் என்பதை நாம் அறிவோம்.

1912-ஆம் ஆண்டின் வேனில் தொடங்குங்காலத்தில் ஹாரி தம் பெற்றோருடன் ஐரோப்பா சென்றார். இலண்டனிற் பெயர்பெற்ற குவாரிச் புத்தகசாலையிலே, பேக்கன் இயற்றிய கட்டுரைகளின் 1598-ஆம் ஆண்டுப் பதிப்பொன்றை வாங்கினார். அது கையடக்கமான சிறு நூல். கப்பல் கவிழ்ந்தால் இந்நூலும் தம்மோடு வரும் என்று நகைத்துக் கூறி, அதனைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார் என ஒரு செய்தி புத்தக வணிகரிடையே வழங்குகின்றது. மெய்யோ, பின்னாற் புனைந்ததோ, கேட்போர் உள்ளத்தை அது வருத்தாமற் போவதில்லை. ஏனெனில் அவர்கள் ஊர் திரும்ப ஏறிய கப்பல் டைட்டானிக்.

ஏப்ரல் 14-ஆம் நாள் மாலை, வைடனர் குடும்பத்தார் கப்பற்றலைவருக்கு விருந்தளித்தனர். அன்றிரவே கப்பல் பனிப்பாறையில் மோதிற்று. தாயார் எலியனோர் அம்மையாரும் அவர்தம் பணிப்பெண்ணும் உயிர்காக்கும் படகொன்றில் ஏற்றப்பட்டனர். தந்தையாரும் மகனும் கப்பலிலேயே தங்கினர். 15-ஆம் நாள் விடியுமுன் கப்பல் மூழ்கியது. இருவர் உடலும் கிடைத்தில.

தம் நூல்களை ஹார்வர்டுக்கு அளிக்கவேண்டும் என்பது ஹாரியின் விருப்பம். ஆயினும் அவற்றைப் பாதுகாத்தற்கேற்ற இடம் ஆண்டு அமைந்த பின்னரே அளிக்கவேண்டும் எனவும் அவர் கருதியிருந்தார். அக்கருத்து நியாயமானதே. கோர் மண்டபம் என்னும் பழைய நூல்நிலையம் 1841-இல் முற்றுப்பெற்றது; காண்பதற்குக் கோயில்போல் எழிலுடையதாயினும், பெருகிவந்த நூல்களுக்கு அது சிறிதும் போதவில்லை. புதியதொரு கட்டடம் வேண்டுமெனப் பல்லாண்டுகளாகப் பேசப்பட்டது, பொருள்தான் கிட்டவில்லை. மகன் நூல்களுக்கு ஓர் இடம் அமைக்க எண்ணிய அன்னையார், முடிவில் நூல்நிலையம் முழுவதையுமே கட்டித்தர முன்வந்தார். 1913-இல் கோர் மண்டபம் இடிக்கப்பட்டு, அவ்விடத்திலேயே புதிய மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

அம்மையார் பொருளை மட்டும் தந்து ஒதுங்கி நிற்கவில்லை. சிற்பியைத் தெரிந்தெடுத்தவர் அவரே. தம் குடும்பத்து மாளிகைகளைக் கட்டிய ஹொரேஸ் டிரம்பாவர் என்பாரை அமர்த்தினார். கட்டடத்தின் புறத்தோற்றத்தை மாற்றலாகாது என்றும் நிபந்தனை விதித்தார். இந்நிபந்தனை பிற்காலத்தார்க்கு இடர் விளைத்தது. 1940-களில் அருகில் ஹூட்டன் நூல்நிலையம் எழுந்தபோது, இரண்டையும் இணைக்கும் பாலத்தைச் சுவரை உடையாமல் ஒரு சாளரத்தின் வழியே அமைக்க நேர்ந்தது. அப்பாலமும் 2004-இல் அகற்றப்பட்டது.

1915-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் திறப்பு விழா நிகழ்ந்தது. அன்று புதிய மாளிகையினுள் முறைப்படி முதலிற் கொண்டுசெல்லப்பட்ட நூல் எது தெரியுமா? ஹார்வர்டு என்னும் பெயரே நூற்கொடையால் வந்தது. 1638-இல் இறந்த ஜான் ஹார்வர்டு என்னும் இளம் போதகர், தம் சொத்திற் பாதியையும் ஏறக்குறைய 400 நூல்களையும் அக்கல்லூரிக்கு விட்டுச் சென்றார். 1764-இல் நேர்ந்த தீ அந்நூல்களை உண்டது. இரவலாக வெளியே சென்றிருந்தமையால் ஒரு நூல் மட்டும் தப்பியது என்று அந்நாளிற் கருதப்பட்டது. அந்நூலே 1915-இல் முதலில் உட்சென்றது. இரவல் வாங்கிய நூலை உரிய நாளில் திருப்பாதார் தமக்குச் சார்பாக இதனைக் காட்டக்கூடும். நம் நூலகத் தலைவர் அதனை ஏற்பாரென்று தோன்றவில்லை.

மாளிகையின் அளவைச் சிறிது கூறுவோம். நூலடுக்குகள் 10 நிலைகளில் ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்துள்ளன; பலகைகளை நீள வைத்தால் 50 மைலுக்கு மேற்செல்லும்; 30 இலட்சத்திற்கு மேற்பட்ட நூல்களுக்கு இடமுண்டு. இத்தனைக்கும் நடுவே, கருவறை போன்று, ஓக் மரப்பலகை வேய்ந்த ஓர் அறை இருக்கின்றது. ஹாரி தொகுத்த நூல்கள் அங்கேதான் உள்ளன. அவருடைய உருவப்படத்தின்முன் புதுமலர் வைக்கும் வழக்கமும் நெடுங்காலம் இருந்துவந்தது. ஒரு மகனுடைய நூலறையைச் சுற்றி ஒரு பல்கலைக்கழகத்தின் நூல்நிலையம் எழுந்தது எனின் மிகையாகாது.

இத்தகைய துயரக் கதையைச் சுற்றிப் பொய்க்கதைகள் படர்வது இயல்பே. மகன் நீந்தத் தெரியாமல் இறந்தமையால், நீந்திக் காட்டாத மாணவர்க்குப் பட்டம் அளிக்கலாகாது என அம்மையார் கட்டளையிட்டார் என்று தலைமுறை தலைமுறையாக மாணவர் கூறிவந்துள்ளனர். அப்படியொரு கட்டளை நன்கொடையில் இல்லை. உறையும் குளிர்நீரில் நீச்சல் வல்லாரும் உயிர்பிழைத்தல் அரிது என்பதையேனும் கதை கட்டியோர் நினைந்திருக்கலாம்.

மெய்யாக நிகழ்ந்த வியப்பும் ஒன்று உண்டு. கூட்டன்பர்க் அச்சிட்ட விவிலியத்தின் படியொன்று வைடனர் குடும்பத்தாரிடம் இருந்தது. அதனை ஹாரியின் உடன்பிறந்தார் 1944-இல் நூல்நிலையத்திற்கு ஈந்தனர். 1969-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஓரிரவு, கள்வன் ஒருவன் கூரையினின்று கயிற்றின் வழியே இறங்கிச் சாளரம் உடைத்து உட்புகுந்தான். அதன் இரு பாகங்களையும் பையிற் கட்டித் தோளிலிட்டு வெளியேறினான். அவற்றின் எடை ஏறத்தாழ 70 இராத்தல். அப்பளுவைத் தாங்கமாட்டாது கீழே முற்றத்தில் வீழ்ந்து, படுகாயத்துடன் அகப்பட்டான். நூலுக்குக் கட்டடம் சிதைந்ததன்றிப் பெருங்கேடு நேரவில்லை.

மாளிகையின் வாயிலில் இரண்டு கல்வெட்டுக்கள் உள்ளன. ஒன்று ஹாரியின் பிறப்பையும், டைட்டானிக் மூழ்கியபோது அவர் கடலில் இறந்ததையும் கூறும். மற்றொன்று இதனை அன்னையார் எழுப்பினார் என்று கூறும். வரைந்த கையின் பெயரோ அங்கு இல்லை. நம் நாட்டு நடுகற்களிலும் வீரன் பெயர் இருக்கும். உளி பிடித்தோன் பெயரைக் காண்பது அரிது.

டிரம்பாவரின் பணியகத்தில் 1909 முதல் தலைமை வரைவாளராயிருந்தவர் ஜூலியன் ஏபல் என்னும் கறுப்பினத்தவர். 1881-இற் பிறந்த இவர், பென்ஸில்வேனியாப் பல்கலைக்கழகத்திற் கட்டடக்கலை பயின்று 1902-இற் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் அத்துறையிற் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் இவரே. வைடனர் நூல்நிலையத்தின் உருவமைப்பில் இவர் கைத்திறம் பெரிதும் கலந்துள்ளது. ஆயினும் வரைபடங்கள் பணியகத்தின் பெயராலேயே வெளிவந்தன. பின்னர், 1920-களில், வடகரோலினா மாநிலத்து டியூக் பல்கலைக்கழகத்தின் பெருங்கட்டடங்களையும் இவர் வரைந்தார். இவர் இனத்து மாணவர் ஒருவரும் 1961 வரை அங்குச் சேர்த்துக்கொள்ளப்படவில்லை.

1986-இல் டியூக் மாணவர் சிலர் தென்னாப்பிரிக்க நிறவெறியைக் கண்டித்து வளாகத்திற் குடிசைகள் அமைத்தனர். அவை வளாகத்தின் அழகைக் கெடுக்கின்றன என ஒருவர் குறைகூறினார். அங்குப் பயின்ற ஏபலின் உறவினளாகிய மாணவி, அவ்வழகை வரைந்தவரே ஒரு கறுப்பினத்தவர் என மாணவர் இதழில் மறுமொழி எழுதினாள். பலர் அன்றுதான் அப்பெயரைக் கேட்டனர். 1989-இல் ஏபலின் உருவப்படம் அங்கு மாட்டப்பட்டது. 2016-இல் வளாகத்தின் நடுமுற்றத்திற்கு ஏபல் முற்றம் எனப் பெயரிட்டனர். அவர் இறந்து அப்போது 66 ஆண்டுகள் ஆகியிருந்தன.