உங்களுக்குத் தெரியுமா? – நைந்த வேட்டியும் கழற்றிய பொத்தானும்

பொத்தானின் அளவுக்கு ‘லைன்’ என்று பெயர். 40 லைன் சேர்ந்தால் ஓர் அங்குலம். சட்டையின் முன்பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் 18 லைன், அதாவது 11 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட. காலர் முனையில் இருப்பது அதைவிடச் சிறியது. கிழிந்த சட்டையிலிருந்து கழற்றும்போது ஒரு சட்டைப் பொத்தான்களை ஒரே நூலில் கோத்து முடிந்து வையுங்கள். டப்பாவைக் கொட்டி ஜோடி தேட வேண்டியிராது.

*

தையல் கடையில் தொழில் பழக வருபவருக்கு முதல் வேலை காஜா எடுப்பதும் பொத்தான் தைப்பதும்தான். வீட்டில் தைப்பவர்கள் பொத்தானின் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, அதன்மீது நூலை ஓட்டித் தைக்கலாம். பிறகு குச்சியை உருவிப் பொத்தானைத் தூக்கிப் பிடித்து, அடியில் நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிந்தால் போதும். எளிதில் அறாது.

*

தாத்தா காலத்துச் சட்டையில் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும் பொத்தான்கள் உண்டா? சிப்பியாக இருக்கலாம். 1891இல் அமெரிக்காவின் மஸ்கட்டீன் நகரில் ஜான் போப்பிள் ஆற்றுச் சிப்பியில் பொத்தான் செய்யத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே அந்த ஊர் உலகத்துக்கே பொத்தான் அனுப்பியது. வாரியெடுத்த வேகத்தில் மிசிசிப்பி ஆற்றுச் சிப்பிகள் அருகிப்போயின. அப்படிப்பட்ட பொருளைக் கந்தலோடு குப்பையில் போட மனம் வரக்கூடாது.

*

உறையூர் பருத்திக்குப் பழங்காலத்திலேயே பெயர்பெற்ற ஊர். முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்பயணக் குறிப்பான ‘பெரிப்ளஸ்’, ‘அர்காரு’ என்ற ஊரின் மெல்லிய துணி ஏற்றுமதியானதைச் சொல்கிறது. அது உறையூர்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

அந்தப் பருத்தியின் அருமை நைந்த பிறகுதான் முழுதாகத் தெரியும். சித்திரை வெயிலில் லால்குடி, ஸ்ரீரங்கம் மொட்டைமாடிகளில் வடாம் பிழிய விரிப்பது பழைய வேட்டியைத்தான். புது வேட்டியில் கஞ்சி ஏறியிருக்கும், தண்ணீரை உறிஞ்சாது. பலமுறை துவைத்து இளகிய நூல் ஈரத்தைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். காய்ந்ததும் வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தால் வடாம் உடையாமல் வரும். உருட்டிய சீடையை உலர்த்த, இட்லித் தட்டில் போட, பிறந்த குழந்தையைச் சுற்ற என எல்லாவற்றுக்கும் அதே வேட்டிதான். குழந்தைக்குத் தூளி கட்டப் பாட்டியின் நூல் புடவை.

*

பருத்தியா, பாலியஸ்டரா என்று சந்தேகமா? ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாடையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணிபோல் இறுகும். அதனால் அடுப்படிக் கைப்பிடித் துணிக்குப் பாலியஸ்டர் கூடவே கூடாது. சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

*

படுக்கை விரிப்பு நடுவில்தான் முதலில் நையும். நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, கெட்டியான ஓரங்கள் நடுவில் வரும்படி சேர்த்துத் தைத்தால் இன்னும் சில வருடம் உழைக்கும். 1941இல் துணிக்கு ரேஷன் வந்தபோது பிரிட்டன் குடும்பங்கள் இப்படித்தான் சமாளித்தன.

*

பட்டுப்புடவையை எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றும் முன் கொஞ்சம் பொறுங்கள். அசல் ஜரிகை, பட்டு நூலின்மேல் வெள்ளி இழை சுற்றித் தங்க முலாம் பூசியது. ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால் அது அசலாக இருக்க வாய்ப்பு அதிகம். உடல் கிழிந்தாலும் கரையை வெட்டிப் பாவாடைக்கு வைக்கலாம். மிச்சத் துண்டில் கொலு மரப்பாச்சிக்கு உடுத்தலாம்.

*

பெருமாள் உடுத்திக் களைந்த வஸ்திரத்தைச் சேஷ வஸ்திரம் என்று தலையில் ஏற்பது வைணவ மரபு. அப்படிக் களைந்த ஆடையை உடுத்துவதைத் தொண்டர்களின் பேறாகத் திருப்பல்லாண்டில் பாடியவர் பெரியாழ்வார்.

*

1999இல் அன்ஷு குப்தா டெல்லியில் தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பு, உடுத்தக்கூடிய பழைய துணிகளைக் கிராமங்களுக்கு அனுப்புகிறது. உடுத்த முடியாத பருத்தித் துணியைச் சுத்தம் செய்து மாதவிடாய்த் துணியாக்குகிறது. 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

ஆகவே, கொடுக்கப்போகும் சட்டையில் பொத்தானை வெட்டாதீர்கள். பொத்தானில்லாத சட்டை வாங்குபவருக்கு உதவாது. கழற்றுவது கந்தலில் மட்டும். லால்குடி 2021இல் நகராட்சியாகிவிட்டது. பழைய துணி வாங்க ஒரு நிரந்தர இடம் வேண்டுமென்று உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள்.