மூதன்னையின் பின்னே

திமி என்னும் பெருமீனை விழுங்குவது திமிங்கிலம் என்றும், அதனையும் விழுங்க வல்லது திமிங்கிலகிலம் என்றும் வடமொழிப் புராணிகர் கற்பித்த வரிசையைப் படிக்கும்போதெல்லாம், நீலத் திமிங்கிலத்தையே கூட்டமாய்ச் சூழ்ந்து கொன்றுவிடும் ஓர்க்காதான் என் நினைவுக்கு வரும். கொலைத் திமிங்கிலம் என்ற பெயருக்கும் அதுவே காரணம் என்பர். ஆயினும் வகையால் இது டால்பின் குலத்தைச் சேர்ந்தது. அக்குலத்தில் யாவற்றினும் பெரியது. ஆண் 8 மீட்டர் வரை வளரும். அதன் முதுகுத் துடுப்பு மட்டுமே ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும்.

குளிர்ந்த நீரில் மிகுதியாக வாழ்வதெனினும், இதற்கு அந்நியமான சமுத்திரம் எதுவுமில்லை. அந்தார்ட்டிக்காவில் இவை வரிசையாக நீந்தி அலையெழுப்பி, பனிமிதவைமேல் ஒதுங்கிய சீலை நீரில் தள்ளுகின்றன. அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்திலோ அலையோடு கரையேறிக் கடற்சிங்கக் குட்டியைக் கவ்விக்கொண்டு கடலுக்குப் புரண்டு திரும்புகின்றன. இவ்வித்தைகளை இளையவை மூத்தவற்றிடமே பயில்கின்றன.

கனடாவின் மேற்குக் கரையில், துடுப்பின் வடுக்களையும் அதன் பின்னுள்ள சாம்பல் நிறத் திட்டையும் புகைப்படமெடுத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளங்காணும் முறையை 1970-களில் மைக்கேல் பிக் என்பவர் வகுத்த பின்னர்தான், இக்குடும்பங்களின் அந்தரங்கம் நமக்குத் தெரியலாயிற்று. சால்மன் மீனையே உண்டு வாழும் அவ்விடத்துக் கூட்டங்களில், ஆணாயினும் பெண்ணாயினும் பிள்ளைகள் ஆயுள் முழுவதும் தாயை விட்டுப் பிரிவதில்லை. வேற்றுக் கூட்டத்தில் இணை கூடிய ஆணும் தாயின் பக்கமே வந்து சேரும். கூட்டத்துக்குக் கூட்டம் ஒலிவழக்கும் வேறு. அதே நீரில் சீல் வேட்டையாடித் திரியும் ஓர்க்காக்களோடு இவை கலப்பதேயில்லை. நாற்பது வயதளவில் ஈனுவதை நிறுத்திவிடும் பெண், அதன்பின்னும் பல்லாண்டு வாழ்ந்து, மீன் அரிதான காலத்தில் சந்ததியை முன்னின்று நடத்திச் செல்கிறாள் என்றறிந்தபோது நான் நெகிழ்ந்து போனேன்.

இத்தகைய குடும்பங்களைத்தான் 1960-களிலும் 70-களிலும் வலைவிரித்து, குட்டிகளைப் பிரித்தெடுத்துக் காட்சித் தொட்டிகளுக்கு விற்றார்கள். அந்தக் கொடுமை ஓய்ந்தும், அணைகளால் சினூக் சால்மன் அருகிவிட்டது. கப்பல் இரைச்சலோ, எதிரொலி கேட்டு இரைதேடும் செவியை மறைக்கிறது. அக்கரையை ஒட்டிய சாலிஷ் கடலில் வாழும் தெற்குக் கூட்டங்களில் இன்று எண்பதுக்கும் குறைவான உயிர்களே எஞ்சியுள்ளன. அவற்றுள் தாலெக்குவா என்னும் தாய், 2018இல் பிறந்தவுடன் மாண்ட தன் குட்டியை 17 நாள், ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர், நீரில் ஆழவிடாமல் ஏந்திச் சென்றாள். 2020இல் அவளுக்கு ஓர் ஆண் குட்டி பிறந்து பிழைத்தது. 2025 ஜனவரியில், இறந்த மற்றொரு பெண் குட்டியைத் தலையில் தாங்கி அவள் மீண்டும் நீந்தக் கண்டார்கள்.