ஜீன்ஸ் காலுக்குள் ஓர் ஊசல்

‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்த 2021-இல் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டைக் காய்ச்சல் பிடித்தது. வீடு வீடாக அரிசிச் சாக்கு தேடினார்கள். சாக்கு கிடைத்ததும் அடுத்த வேலை, மணலை அள்ளிக் கொட்டுவது. கை வீங்கும் கதை அங்கேதான் தொடங்குகிறது.

கொட்டிய அன்றைக்கு மணல் கொஞ்சம் நெகிழ்ந்துதான் கொடுக்கும். குத்து விழ விழ மணிகள் குலுங்கி, பெரிய மணிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் சின்ன மணிகள் இறங்கிவிடும். அரிசியைப் படியில் தட்டித் தட்டி அளந்தால் இன்னும் ஒரு பிடி கொள்ளுமே, அதே சங்கதி. சில நாளில் பையின் அடிப்பாகம் கல்லாகிவிடும், மேல்பாகம் தொளதொளவென்று தொங்கும்.

கல்லானால் என்ன? உங்கள் முஷ்டி வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இறுகிய மணல் அரை சென்டிமீட்டர்தான் அமுங்குகிறது. அதற்குள் முஷ்டி நின்றாக வேண்டும். துணி அடைத்த பை 3 சென்டிமீட்டர் அமுங்குகிறது. நிற்கக் கிடைத்த தூரம் ஆறு மடங்கு, நேரமும் ஆறு மடங்கு. அப்படியென்றால் கையில் ஏறும் சராசரி விசை ஆறில் ஒரு பங்கு! விசையை நேரத்தால் பெருக்கினால் வருவதற்குப் பாடப்புத்தகத்தில் ‘கணத்தாக்கு’ என்று பெயர். குத்து ஒன்றேதான், கணத்தாக்கும் ஒன்றேதான். நேரத்தை நீட்டினால் விசை குறைந்தே தீரும். கையுறைக்குள் பஞ்சு வைப்பதும் இந்தக் கணக்கில்தான்.

ஆகவே துணி. ஹார்டுவேர் கடையில் ‘பனியன் வேஸ்ட்’ என்று கேளுங்கள், கிலோ கணக்கில் தருவார்கள். மெக்கானிக்குகள் கை துடைக்கும் மெத்தென்ற வெட்டுத்துணி அது. வீட்டுப் பழந்துணி என்றால் பட்டன், ஜிப், கொக்கி எல்லாவற்றையும் முதலில் வெட்டி எடுத்துவிடுங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு ஜிப் போதும், விரல்முட்டியைக் கிழிக்க.

உறைக்கு அப்பாவின் பழைய ஜீன்ஸ் (கேட்டுவிட்டு!). ஒரு காலை மட்டும் தொடையோடு வெட்டி, குறுகலான பக்கத்தை உள்ளே மடித்து, கோணி ஊசியில் இரட்டை நூல் கோத்துத் தைக்க வேண்டும். மேல் விளிம்பை இரண்டாக மடித்துச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் நாலு வளையம் அடித்துத் தருவார். கயிறு கட்ட அவை போதும்.

அடைப்பதில்தான் வித்தை. எல்லாத் துணியையும் ஒரே மூச்சில் திணித்து மேலே நின்று அழுத்தினால், அழுத்தத்தில் பெரும்பகுதியைத் துணியும் ஜீன்ஸ் சுவரும் உரசுகிற உராய்வே வாங்கிக்கொள்ளும். அடிவரை அது போய்ச் சேராது. மேலே கெட்டியாகவும் கீழே பொந்தாகவும் ஆகிவிடும். ஒரு சாண் உயரத்துக்குத் துணி போட்டு, கிரிக்கெட் ஸ்டம்ப்பால் குத்தி இறுக்கி, பிறகு அடுத்த சாண். ஒரு காலுக்கு ஒரு மதியமே ஆகும். பரவாயில்லை, அதுவும் ஒரு உடற்பயிற்சிதான்.

சராசரியாக ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் விட்டம், நீளம் 80 சென்டிமீட்டர் என்றால் அந்தக் காலுக்குள் சுமார் 25 லிட்டர் கொள்ளும். உலர்ந்த மணல் லிட்டருக்கு 1.6 கிலோ. மணலை நிரப்பியிருந்தால் 40 கிலோ தொங்கியிருக்கும்! துணி எவ்வளவு குத்தினாலும் 8, 10 கிலோதான். உங்கள் வயசுக்கு அது தாராளம். இன்னும் கனம் வேண்டும் என்பவர்கள் 2 கிலோ மணலைத் தனிப்பையில் இறுக்கிக் கட்டி, சுற்றிலும் துணி வரும்படி நட்டநடுவில் வைக்கலாம்.

எங்கே மாட்டுவது? மின்விசிறிக் கொக்கியைத் தொடவே கூடாது, பக்கத்திலேயே மின்கம்பி. ஊஞ்சல் கொக்கி உள்ள வீடு கொடுத்துவைத்த வீடு. வலுவான மரக்கிளையும் சரிதான். எதுவானாலும் பெரியவர் ஒருவர் தொங்கி இழுத்துப் பார்த்துச் சொல்லட்டும். ஏனென்றால் ஆடுகிற பொருள் தன் எடையை விட அதிகமாக இழுக்கும். செங்குத்திலிருந்து 60 பாகை உயர்ந்து திரும்பும் பை, கீழே வரும் நொடியில் கொக்கியைத் தன் எடையைப்போல் இரண்டு மடங்கு இழுக்கிறது. உங்கள் குத்தில் பை அவ்வளவு உயரம் போகாது. ஆனால் 30 கிலோ தம்பி அதைக் கட்டிப்பிடித்து ஊஞ்சல் ஆடுவானே? பையோடு சேர்த்து 40 கிலோ. கொக்கிக்கோ 80 கிலோ.

தொங்கவிட்டாயிற்றா? இப்போது உங்களிடம் இருப்பது ஓர் அளவுகருவி. 1742-இல் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்க ஒரு வழி கண்டார். கனமான கட்டையை ஊசலாகத் தொங்கவிட்டு, அதில் குண்டைச் செலுத்தினார். கட்டை எவ்வளவு தூரம் ஆடியது என்று பார்த்துக் குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். கண்ணால் பார்க்கவே முடியாத வேகத்தை ஒரு மரக்கட்டையை வைத்துப் பிடித்த மனிதர்! பிறகு கிழக்கிந்திய கம்பெனியின் கோட்டைகளைச் சீர்செய்ய நம் பக்கம் வந்தவர், 1751-இல் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார்.

1985-இல் பிரிட்டன் குத்துச்சண்டை வீரர் ஃபிராங்க் புரூனோவின் குத்தை அளந்த ஆய்வாளர்களும் மெத்தை வைத்த ஓர் ஊசலைத்தான் தொங்கவிட்டார்கள். முஷ்டியின் வேகம் வினாடிக்கு 8.9 மீட்டர். உச்ச விசை ஏறக்குறைய 400 கிலோ எடைக்குச் சமம்.

நீங்களும் அளக்கலாம். பைக்குப் பின்னால் சுவரில் சாக்பீஸால் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். நண்பன் பக்கவாட்டில் நின்று போனில் ஸ்லோமோஷன் எடுக்கட்டும். கொக்கியிலிருந்து பையின் நடுப்பகுதிவரை 2 மீட்டர் இருந்தால், பை விலகிய தூரத்தை (மீட்டரில்) 2.2-ஆல் பெருக்குங்கள், பை புறப்பட்ட வேகம் கிடைக்கும். 30 சென்டிமீட்டர் விலகினால் வினாடிக்கு 0.66 மீட்டர். பை 10 கிலோ என்றால் நீங்கள் கொடுத்த உந்தம் 6.6. நிறையை வேகத்தால் பெருக்குவதுதான் உந்தம். பை நீளமானது என்பதால் இது தோராயக் கணக்கு. நேற்றைய குத்தையும் இன்றைய குத்தையும் ஒப்பிட இது தாராளமாகப் போதும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மெதுவாகக் குத்திவிட்டு, பை போய் மறுபடி நடுவுக்கு வரும் நேரத்தைப் பாருங்கள். பிறகு ஓங்கிக் குத்திப் பாருங்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய 1.4 வினாடிதான்! பை கனமானாலும் மாறாது. ஊசலின் தாளத்தைத் தீர்மானிப்பது நீளம். கயிற்றைச் சுருக்கி நீளத்தை 1 மீட்டராக்கினால் 1 வினாடியில் திரும்பிவிடும். சீக்கிரம் விலகப் பழக வேண்டுமா, கயிற்றைச் சுருக்குங்கள்.

குத்தும் முன் கையைக் கட்ட மறக்காதீர்கள். ஒரு கையில் 27 எலும்புகள். கோணலாகக் குத்தினால் பெரும்பாலும் உடைவது சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள மெல்லிய எலும்பு. ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளால் குத்த வேண்டும், கட்டைவிரல் வெளியே இருக்க வேண்டும். தாத்தாவின் கிழிந்த எட்டு முழ வேட்டியை நீளவாக்கில் மூன்று விரல் அகலத்துக்குக் கிழித்தால் மூன்றரை மீட்டருக்கு மேல் பட்டை கிடைக்கும். மணிக்கட்டிலிருந்து முட்டிவரை சுற்றினால் சிதறிக் கிடக்கும் எலும்புகள் ஒரே கட்டாகச் சேர்ந்து வேலை செய்யும்.

இன்னொரு கருவிக்கு ஒரு பழைய சைக்கிள் டியூப் போதும். ஒரு பந்தை வெங்காய வலைப்பையில் போட்டு, மேலே ஒரு டியூப் துண்டால் கொக்கியிலும், கீழே இன்னொரு துண்டால் தரையில் கனமான கல்லிலும் இழுத்துக் கட்டுங்கள். வெடிப்பு விட்ட டியூப் வேண்டாம். அறுந்தால் முகத்தில்தான் அடிக்கும். தட்டிய பந்து விர்ரென்று திரும்பும், நீங்கள் தலையைச் சாய்த்துத் தப்ப வேண்டும். டியூபை இறுக்கினால் வேகம் கூடும். இங்கே எடையும் பேசும்: பையில் மாறாத தாளம் பந்தில் மாறும். சுமார் 270 கிராம் வாலிபாலை எடுத்துவிட்டு 58 கிராம் டென்னிஸ் பந்தைக் கட்டினால், அதே டியூபில் இரண்டு மடங்கு சுறுசுறுப்பாகத் துடிக்கும். முதலில் வாலிபாலில் பழகுங்கள்.