பூமி சுமக்க, மனிதன் நகர்த்த

தாம்பரத்தைக் கடந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கு நோக்கிச் செல்கிறவர்கள் இன்று பீர்க்கன்கரணை ஏரியையும், அதைச் சுற்றி நெருங்கி எழுந்துவிட்ட வீடுகளையும் பார்த்துக்கொண்டே போய்விடுகிறார்கள். ஆனால் அடுத்தாற்போலுள்ள பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கத்தில் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை நடந்துவந்தது என்பதும், 1960களில் ஹெரால்டும், 1970களில் கெஜலும், கடைசியாக 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய காரும் அந்தத் தொழிற்சாலையின் சிருஷ்டிகள்தாம் என்பதும் இளைய தலைமுறைக்குக் கேள்விப்படாத கதையாகவே இருக்கும். அந்த ஸ்டாண்டர்டு 2000 ஒரு விசித்திரமான பிறவி. மேலே இங்கிலாந்து ரோவர் காரின் நாகரிகமான உடல். உள்ளேயோ, 1940களின் கடைசியில் வான்கார்டு காருக்கென்று தோன்றி, பெர்குசன் டிராக்டரிலும் உழைத்த பழைய எஞ்சினின் வம்சம். பட்டுப் போர்த்திய உழவு மாடு என்று அதைச் சொன்னால் தவறாகாது.

அத்தகைய வார்ப்பிரும்புப் பிண்டம் தொழிற்சாலைக்குள் இருக்கும்வரை யாருக்கும் பாரமில்லை. தலைக்கு மேலே ஓடும் கொக்கியும் சங்கிலியும் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வைத்துவிடும். வெளியே வந்து, முப்பது வருஷம் உழைத்து, ஏதோ ஒரு சந்தின் முனையில் இறக்கப்படும்போதுதான் அதன் கனம் என்னவென்று தெரியவருகிறது.

இந்தத் தாம்பரம் பக்கத்தில் பழைய எஞ்சினுக்குத் தேவை ஏற்படக் காரணங்களும் உண்டு. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்யத் தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த மழையில், முடிச்சூர், பெருங்களத்தூர் வட்டாரங்களில் நின்ற கார்கள் மூழ்கின. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. ஆகையால் சிலிண்டருக்குள் நீர் புகுந்திருப்பதை அறியாமல் சாவியைத் திருப்பியவர்களின் எஞ்சின்களில் கனெக்டிங் ராடு வளைந்துபோவது இயற்கை. பிறகு மெக்கானிக்கோடு பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைக்குப் போய், எண்ணெய்ப் பிசுக்கேறிய எஞ்சின்களுக்கிடையே ஒன்றைப் பொறுக்கி, 'குட்டி யானை' என்னும் சிறு லாரியில் ஏற்றி வரவேண்டியதுதான்.

அப்படி வருவது ஓர் அம்பாசடர் எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம். 1489 சி.சி. பழைய மாடல், பிளாக்கும் ஹெட்டும் இரும்பு, கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டாலும் ஏறக்குறைய நூற்றைம்பது கிலோ. சந்திலோ வடிகாலுக்காகத் தோண்டியிருக்கிறார்கள். வண்டி உள்ளே போகாது. ஷெட்டுக்கு இன்னும் அறுபதடி. செயின் பிளாக் கிடையாது. நான்கு பேர் சேர்ந்து ஒரே மூச்சில் தூக்கிவிடலாம் என்று யாராவது ஒருவர் சொல்வார். அவரைத்தான் முதலில் தடுக்க வேண்டும். எஞ்சினுக்குக் கைப்பிடி கிடையாது. பிளைவீல் பக்கம் கனம் அதிகம் என்பதால் நால்வரில் இருவர் மீதே பாரம் இறங்கும். குனிந்த முதுகோடு தூக்குகிறவன் கால் இடறினால் விரலோ முதுகெலும்போ போய்விடும். "தூக்காதே, தம்பி, நெம்பு" என்று அனுபவமுள்ள மெக்கானிக் சொல்வது சோம்பேறித்தனத்தால் அல்ல. தூக்கிய பொருளின் முழுக் கனமும் நம்முடையது. தரையில் ஒரு பக்கம் ஊன்றியிருக்கும் பொருளின் கனத்தில் ஏறக்குறைய பாதியைப் பூமி சுமக்கிறது. இந்த வேலையின் சாஸ்திரம் முழுவதும் அவ்வளவுதான்.

ஐந்தடிக் கடப்பாரை ஒன்றை எடுத்து, நுனியிலிருந்து நாலு அங்குலத்தில் ஒரு மரக்கட்டையை அண்டை கொடுத்தால், ஒரு பக்கம் நாலு அங்குலமும் மறுபக்கம் ஐம்பத்தாறு அங்குலமும் ஆகிறது. எஞ்சினின் ஒரு தலைப்பை மட்டும் கிளப்புவதற்கு வேண்டிய எழுபத்தைந்து கிலோவைப் பதினாலால் வகுத்தால், கையில் கொடுக்க வேண்டியது ஐந்தரைக் கிலோதான். பள்ளிக்கூடத்துப் பையன் தன் புத்தகப் பையைத் தூக்குகிற பிரயத்தனம். ஆனால் இயற்கை எதையும் இனாமாகக் கொடுப்பதில்லை. கையைப் பதினாலு அங்குலம் இறக்கினால்தான் இரும்பு ஓர் அங்குலம் எழும். எழுந்தவுடன் ஒரு சக்கையைச் சொருகி, மறுபக்கம் போய் நெம்பி, அங்கேயும் ஒன்றைச் சொருகி, இப்படிப் படிப்படியாக ஏற்றினால் எந்த உயரத்துக்கும் கொண்டுபோகலாம். சக்கை இருக்க வேண்டிய இடத்தில் விரல் இருக்கக் கூடாது.

வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே, புதுப்பேட்டையிலேயே சில காரியங்களை முடித்துக்கொள்வது விவேகம். எஞ்சின் நம்பரைத் துடைத்துப் பார்த்துப் பில்லில் எழுதி வாங்க வேண்டும். பின்னால் தாம்பரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்தில் மாற்றும்போது அதைத்தான் கேட்பார்கள். எண்ணெயை வடித்து, கார்பரேட்டர், டைனமோ, பேன் முதலியவற்றைக் கழற்றி, திறந்த துவாரங்களில் துணியை அடைக்க வேண்டும். அடியிலுள்ள ஆயில் சம்ப் மெல்லிய தகடு. அதன் மேல் எஞ்சினை உட்கார வைத்தால் நசுங்கி, உள்ளே எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாயை அடைத்துவிடும். ஆகவே தடித்த பலகையின் மேல் பழைய டயர் ஒன்றைப் போட்டு, சம்ப் டயரின் குழிக்குள் தொங்கும்படி எஞ்சினை அமர்த்திக் கட்டிவிடுவார்கள். அதன் பிறகு கடப்பாரை தொடுவது பலகையைத்தான், எஞ்சினை அல்ல.

வண்டியிலிருந்து இறக்குவதுதான் ஆபத்தான கட்டம். இரண்டரை அடி உயரத்திலிருந்து பத்தடி நீளப் பலகைகளைச் சாய்த்தால், சரிவில் கீழே இழுக்கும் பாரம் மொத்தத்தில் கால்வாசி, சுமார் நாற்பது கிலோ. மரத்தோடு மரம் உராய்வதே அதைப் பெரும்பாலும் பிடித்து நிறுத்திவிடும்; எண்ணெய் சிந்திய பலகையில் அந்த நம்பிக்கை வேண்டாம். வண்டியின் சட்டத்தில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தால் இழுவையில் ஐந்திலொரு பங்குதான் கைக்கு வரும். இரண்டு சுற்றானால் சுமார் இருபத்தைந்திலொரு பங்கு. சரிவின் கீழே மட்டும் யாரும் நிற்கக் கூடாது.

தரைக்கு வந்தபின் உருளைகளின் ராஜ்யம். ஒரே அளவுள்ள ஜி.ஐ. பைப்புத் துண்டுகள் நாலைந்து போதும். பலகை இரண்டடி முன்னேறினால் அடியிலுள்ள உருளை ஓரடிதான் முன்னேறும். ஆகவே பின்னால் நழுவி வெளிவரும் பைப்பை எடுத்து முன்னால் போட ஒருவன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அவன்தான் உண்மையான சாரதி. புழுதி மண்ணில் பைப் புதைந்துபோகும். அங்கே கீழேயும் பலகை விரிக்க வேண்டும். வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால், முன் உருளையின் இடது நுனியைச் சற்று முன்தள்ளிச் சாய்த்துப் போட்டால் எஞ்சின் தானாகத் திரும்பும். தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புதிதன்று. திருவாரூர் ஆழித்தேரைப் போன்ற மகா ரதங்களையும் வளைவில் திருப்புவது சக்கரத்தடியில் போடும் மரக்கட்டைதான். முட்டுக்கட்டை என்றால் தடை என்று மட்டும் பொருள் கொண்டுவிட்டோம். தேருக்கு அது வழிகாட்டி.

இதே உபாயங்களைக் குலத்தொழிலாக வளர்த்தவர்கள் கேரளத்துப் பேப்பூரின் மாப்பிள்ளைக் கலாசிகள். உரு என்னும் மரக்கப்பலைக் கரையிலிருந்து கடலுக்கு இறக்குவது அவர்கள் வேலை. 1988 ஜூலை 8-ஆம் தேதி பெருமண் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடிக் காயலில் விழுந்தபோது, கயிறும் கப்பியும் மனிதர் சுற்றும் மரச்சுழலியும் கொண்டு ரயில் பெட்டிகளைக் கரைசேர்ப்பதில் அவர்கள் பங்குகொண்டார்கள். நீரில் அமிழ்ந்த ரயில் பெட்டியோடு ஒப்பிட்டால் அம்பாசடர் எஞ்சின் ஒரு தேங்காய் மூட்டை.

அறுபதடிக்கு இரண்டு மணி நேரம் ஆகலாம். ஷெட்டுக்குள் வந்ததும் மீண்டும் நெம்பிச் சக்கையடுக்கி, வேலைக்கு வசதியான உயரத்தில் நிறுத்தி, இருபுறமும் ஆப்பு வைத்துவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள். பைப்புகளை மட்டும் துடைத்து ஓரமாக அடுக்கிவைக்க வேண்டும். அவை பெரும்பாலும் தெருமுனைப் பிளம்பரிடம் வாங்கிய இரவல்.