திறந்தார்கள், எழுதி வைக்கவில்லை

2024 ஜனவரி 5 மாலை. அமெரிக்காவின் போர்ட்லாந்திலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் 9 விமானம் ஏறத்தாழ 15 ஆயிரம் அடி உயரத்தில் இருந்தபோது, அதன் இடப்பக்கச் சுவரில் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு போனது. உள்ளே 177 பேர். ஓட்டையை ஒட்டிய இரண்டு இருக்கைகள் அன்று காலி. அதற்கு முந்தைய வரிசையில் இருந்த ஒரு சிறுவனின் சட்டையைக் காற்று உருவிக்கொண்டது. ஒருவரும் சாகவில்லை என்று தெரிந்த பிறகும் இதைப் படிக்கையில் நெஞ்சு பதறுகிறது.

பறந்துபோனது ஓர் அடைப்புக் கதவு. இருக்கைகளைக் குறைத்து வைக்கும் நிறுவனங்களுக்கு அந்த இடத்தில் அவசர வழி தேவையில்லை. வாசலைப் பலகையால் மூடிவிடுவார்கள். மேலே போகப் போக உள்ளிருக்கும் காற்றழுத்தம் பலகையை வெளியே தள்ளும். பலகையின் விளிம்பிலுள்ள 12 தாங்கிகள் சட்டத்திலுள்ள 12 தாங்கிகளில் முட்டி நிற்பதால் அது அசையாது. ஆனால் பலகை சற்றே மேல்நோக்கி நகர்ந்தால் போதும், தாங்கிகளின் பிடி விட்டுவிடும். அப்படி நகராமல் காப்பவை நான்கே நான்கு போல்ட்.

ஓர் ஆசிரியர் வீட்டுத் தோட்டத்தில் கிடைத்த அந்தப் பலகையை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தார்கள். போல்ட் உரசிய தழும்பு இருக்க வேண்டிய இடங்களில் ஒன்றுமில்லை. 154 முறை அந்த விமானம் போல்ட் இல்லாமலே பறந்திருக்கிறது. ஒவ்வொரு பயணத்திலும் பலகை கொஞ்சம் கொஞ்சமாக மேலேறியிருக்கிறது.

போல்ட் எப்படி விடுபட்டது? அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் செய்த விமான உடற்பகுதி போயிங்கின் ரென்டன் தொழிற்சாலைக்கு வந்தபோது, அந்தக் கதவருகே ஐந்து ரிவெட்டுகள் பழுதாக இருந்தன. அவற்றை மாற்ற 2023 செப்டம்பரில் கதவைத் திறந்தார்கள். எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் எழுதி வைக்க வேண்டும். எழுதினால்தான் மூடிய பிறகு தரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். ரிவெட் வேலைக்குப் பதிவு இருக்கிறது. கதவைத் திறந்ததற்கு இல்லை. கதவுப் பிரிவின் 24 பேரில் அடைப்புக் கதவைக் கழற்றிய அனுபவம் ஒருவருக்குத்தான். அவரும் விடுப்பில் இருந்தார்.

இந்த இடத்தில் ஒரு தொழிலாளியைப் பிடித்துக் கூண்டில் நிறுத்துவது எளிது. விபத்தை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவர் ஜெனிபர் ஹோமெண்டி அதைச் செய்யவில்லை. தவறிழைத்தவரைத் தண்டிப்பதற்கல்ல, குறைகளைக் கண்டறியவே விசாரணை என்றார். அவர் செய்ததுதான் சரி. பெயர் வெளியே வரும் என்று பயந்தால் அடுத்த ஆளும் வாயைத் திறக்க மாட்டார். 2025 ஜூனில் வாரியம் சொன்ன முடிவில், பயிற்சியும் வழிகாட்டலும் மேற்பார்வையும் போதுமான அளவு தராத போயிங்கே முதல் காரணம். அமெரிக்க ஒன்றிய விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கண்காணிப்பும் தவறியது. ஏற்கெனவே 2018, 2019இல் இரண்டு மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேரை இழந்த பின்னும் இதுதான் நிலை என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

உள்சுவரை மூடுவதற்கு முன் ஊழியர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட ஒரு படம் விசாரணையில் கிடைத்தது. கதவு மூடியிருக்கிறது. போல்ட் இருக்க வேண்டிய மூன்று இடங்கள் வெறுமையாகத் தெரிகின்றன. நான்காவதை வெப்பக்காப்புப் பஞ்சு மறைத்திருக்கிறது.