பிரேக் காருடையது, வழக்கு உங்களுடையது

அடாஸ் (ஓட்டுநர் உதவி) வசதியுள்ள காரில் குரூஸ் கன்ட்ரோலைப் போட்டுவிட்டுக் காலை எடுத்துவிட்டால், பிரேக் பிடிப்பது கார். யார்மீதாவது மோதினால் எஃப்.ஐ.ஆரில் ஏறும் பெயர் உங்களுடையது. நம் சட்டத்துக்குத் தெரிந்த ஓட்டுநர், உரிமம் வைத்திருக்கும் மனிதர்தான். விளம்பரத்தில் ‘தானியங்கி’ என்று எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டாலும் இது மாறாது.

உள்ளே நடப்பது கட்டுப்பாட்டியலின் பழைய பாடம்: அளப்பது, ஒப்பிடுவது, திருத்துவது. 1922-இல் பொறியாளர் மினோர்ஸ்கி கப்பல் சுக்கானுக்காக எழுதிய கணக்கும் இதே வகைதான். முன்வண்டியோடு உள்ள இடைவெளியை ரேடார் அளக்கிறது. குறைந்தால் பிரேக், கூடினால் ஆக்சிலரேட்டர். இந்தச் சுற்றில் தாமதம் புகுந்தால் தொலைந்தோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரு நொடி என்பது ஏறக்குறைய 28 மீட்டர்.

அமெரிக்காவின் டெம்பி நகரில் 2018 மார்ச் 18 இரவு, ஊபரின் தானியங்கிச் சோதனைக் கார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணின்மீது மோதியது, அவர் இறந்தார். மோதுவதற்கு 5.6 நொடி முன்பே கார் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் வாகனம் என்றது, வேறேதோ பொருள் என்றது, சைக்கிள் என்றது. வகையை மாற்றும்போதெல்லாம் அதுவரை அவர் நகர்ந்த தடத்தை மறந்தது. மனிதர் என்று கடைசிவரை சொல்லவில்லை. வீணாகப் பிரேக் விழக்கூடாது என்பதற்காக, ஆபத்து தெரிந்த பிறகும் ஒரு நொடி பொறுக்கும்படி மென்பொருளை அமைத்திருந்தார்கள். வால்வோ தயாரித்த அந்தக் காரின் சொந்த அவசரப் பிரேக்கும் அப்போது அணைக்கப்பட்டிருந்தது. இவ்வளவுக்கும் நிறுவனத்தின்மீது குற்ற வழக்கு இல்லை. கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த பாதுகாப்பு ஓட்டுநர்தான் 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது.

நம் சாலைக்கு வருவோம். குரூஸ் விட்டுவைக்கும் இடைவெளியில் ஒரு பைக் புகும். கார் சட்டென்று பிரேக் போடும். பின்னால் ஒட்டி வரும் பேருந்துக்கு அது தெரியாது. ஏழு 2018 மாடல் கார்களை ஆய்வாளர்கள் சோதித்தபோது, முன்வண்டியின் சிறு வேகக்குறைவை ஏழுமே பின்னுக்குப் பெருக்கி அனுப்பின. இதைவிட மோசம், இரவில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி. பாலத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் பிரேக் விழாமலிருக்க, நகராத பொருளைப் பல ரேடார்கள் ஒதுக்கிவிடுகின்றன. நிற்கும் வாகனத்துக்குக் கார் நிற்காமல் போகலாம் என்று பல கையேடுகளிலேயே எழுதியிருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

இன்னொன்று, முன்கண்ணாடி. அடாஸ் கேமரா அதன் மேல்பகுதியை ஒட்டித்தான் இருக்கும். கல் பட்டு விரிசல் விட்ட கண்ணாடியைத் தெருமுனைக் கடையில் மாற்றும்போது கேமராவின் கோணம் ஒரு டிகிரி பிசகினால், நூறு மீட்டர் தள்ளி அது ஒன்றே முக்கால் மீட்டர் பிழை. பக்கத்துத் தடத்தில் போகும் லாரி உங்கள் தடத்தில் போவதாகக் காருக்குத் தோன்றலாம். கண்ணாடியோ பம்பரோ மாற்றினால் கேலிபரேஷன் (கோணத்தைச் சரிபார்த்துத் திருத்துவது) செய்து, அதற்கு ரசீதும் வாங்குங்கள். அந்த ரசீது சட்டத்திலும் உதவும்.

எப்படி? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 84-இன்படி வடிவமைப்புக் குறைபாட்டால் வந்த தீங்குக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு. சரியான பயன்பாட்டு விளக்கமோ எச்சரிக்கையோ தராமல் போனாலும் பொறுப்பு. ஆனால் பொருளை நீங்கள் தவறாகப் பயன்படுத்தினீர்கள், மாற்றியமைத்தீர்கள் என்று காட்டினால் பிரிவு 87 விற்றவர்களைக் காப்பாற்றும். ரசீது இல்லாத கண்ணாடி அவர்கள் வக்கீலுக்கு அல்வா.

காருக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் புகார் பதியலாம். அடிபட்டவர் பாதசாரி என்றால் அவர் போகவேண்டிய இடம் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம். ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிடுவது பத்திரம்.

தனி வழக்கைத் தவிர இன்னொரு வழியும் உண்டு: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 110ஏ-இன் கீழ், ஒரே குறைபாட்டைக் குறிப்பிட்ட விகித உரிமையாளர்கள் புகார் செய்தால், அந்த வகை வண்டிகளையே திரும்பப் பெறும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். நம்மாட்கள் சர்வீஸ் சென்டரில் சத்தம் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். வாய்ப்பேச்சு எந்த விகிதத்திலும் சேராது.

ஆகவே காரணமில்லாமல் பிரேக் விழுந்தால் நாள், நேரம், இடம், வேகம் எல்லாவற்றையும் குறித்துவையுங்கள். டேஷ்கேம் பதிவை அழிக்காதீர்கள். மென்பொருள் அப்டேட் போடுவதற்கு முன் காரின் பதிவுகளை எடுத்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். ஜாப் கார்டில் உங்கள் புகார் உங்கள் வார்த்தையிலேயே ஏறவேண்டும். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதி நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.